அம்மாவின் கல்யாணப் பட்டை வரவேற்புக்குக் கட்டலாமா? சுவீடன் இளவரசி விக்டோரியாவைப் பற்றித் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்

மலைக்காத்து (ஏற்காடு)

எல்லோருக்கும் வணக்கம். வரும் தையில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு சேலம் அஸ்தம்பட்டி. முகூர்த்தப் புடவை அவர்கள் எடுப்பது, அதில் பேச்சே இல்லை. முதல் நாள் சாயந்திரம் வரவேற்புக்கு எங்கள் வீட்டில்தான் எடுக்க வேண்டும், அதை வைத்துத்தான் ஒரு வாரமாக வீட்டில் நிம்மதி இல்லை.

அம்மாவின் கல்யாணப் புடவை பீரோவில் இருக்கிறது. 1993ல் தாத்தா மலையிலிருந்து இறங்கிப் போய் அம்மாபேட்டையில் ஒரு தறிக்காரர் வீட்டிலேயே சொல்லி நெய்து வாங்கியது. அரக்கு உடல், இலைப் பச்சைக் கரை, முந்தியில் மாங்காய். அம்மா அதை மொத்தமாக நான்கு தடவை கட்டியிருந்தால் அதிகம். சின்ன வயதில் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். வரவேற்புக்கு அதைத்தான் கட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. பெரியம்மாவும் அத்தையும் ஒரேயடியாக வேண்டாம் என்கிறார்கள். "பொண்ணுக்கு ஒரு புதுசு எடுக்க வக்கில்லாம பழசைச் சுத்தி நிறுத்திட்டாங்கன்னு பேசுவாங்க" என்று பெரியம்மா சொன்னதும் அப்பாவும் பின்வாங்கிவிட்டார். அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன வாரம் சுவீடன் இளவரசி விக்டோரியாவின் படங்களைப் பார்த்தேன். நோபல் விருந்துக்கு அவர் போட்டுக்கொண்டு வந்தது, அவருடைய அம்மா ராணி சில்வியா எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் அதே விருந்துக்குப் போட்ட உடை என்று போட்டிருந்தது. அம்மா படமும் மகள் படமும் பக்கத்தில் பக்கத்தில். பெரியம்மாவிடம் காட்டினேன். "அவங்க ராஜ குடும்பம், எதைப் போட்டாலும் யாரும் கேக்க மாட்டாங்க, நம்ம கதை வேற" என்றார்.

அது உண்மைதானா, அவர் எப்படிப்பட்டவர், அவர் கல்யாணம் எப்படி நடந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று, முப்பது வருஷப் பட்டு, அதுவும் ஏற்காட்டு ஈரத்தில் இருந்தது, ஒரு சாயந்திரம் தாங்குமா?

குகைப் பொண்ணு

தங்கச்சி, முதலில் வாழ்த்துகள். நான் சேலம் குகை, பதினோரு வருஷம் ஸ்டாக்ஹோமில் இருந்துவிட்டுப் போன வருஷம்தான் ஊருக்குத் திரும்பினேன். அந்த ஊரில் இருந்தபோது இந்தக் குடும்பத்தைப் பற்றி நிறையப் படிப்பேன், என் மகள் அங்கே பள்ளிக்கூடத்தில் படித்ததால் அவளும் நானும் சேர்ந்து பார்த்தது நிறைய. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நீ பார்த்தது உண்மை. 2018 நோபல் விருந்துக்கு விக்டோரியா போட்டது, சில்வியா 1995 நோபல் விருந்துக்குப் போட்ட நீனா ரிச்சி கவுன். இருபத்து மூன்று வருஷம் கழித்து, அதே டிசம்பர் 10, அதே விருந்து. உலகத்து விஞ்ஞானிகள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிற, நாடு முழுக்க டிவியில் பார்க்கிற சபை அது. யார் என்ன போட்டுக்கொண்டு வந்தார்கள் என்று மறுநாள் பத்திரிகையில் பக்கம் பக்கமாக வரும். அந்தச் சபைக்கு அம்மாவின் உடையைப் போட்டுக்கொண்டு போவதென்றால், அம்மாவுக்கு அதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது?

கல்யாணக் கதை இன்னும் உனக்குப் பிடிக்கும். 1976 ஜூன் 19ல் ஸ்டாக்ஹோம் பெரிய தேவாலயத்தில் அவருடைய அப்பா அம்மா கல்யாணம். 2010ல் விக்டோரியா கல்யாணத்துக்கு எடுத்த நாளும் அதே ஜூன் 19, அதே தேவாலயம். உடை மட்டும் புதிது. பார் எங்ஷெடன் என்ற சுவீடன் வடிவமைப்பாளர் செய்தது, சந்தன வெள்ளையில் கனத்த பட்டு சாட்டின், குட்டைக் கை, பின்னால் ஐந்து மீட்டர் தரையில் இழுபடுகிற மாதிரி. அதில் பூவேலை, கல்வேலை ஒன்றும் பெரிதாகக் கிடையாது, துணியின் கனமும் வெட்டும்தான் அழகு. ஆனால் தலையில் போட்ட லேஸ் முக்காடு புதிது இல்லை. சோஃபியா ராணி காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தில் இருப்பது, சில்வியாவும் 1976ல் அதைத்தான் போட்டார். முக்காட்டுக்கு மேலே இருந்த கிரீடம் நெப்போலியன் மனைவி ஜோசஃபினுடையது. முத்துக்கு நடுவில் சிற்பம் செதுக்கிய கற்கள் பதித்தது. ஜோசஃபினின் பேத்தி 1823ல் சுவீடன் ராஜ வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அந்த நகையும் அந்த வீட்டுக்கு வழி கண்டுகொண்டது. விக்டோரியாவின் அத்தைகள் இரண்டு பேர் கல்யாணத்திலும் அதுதான், அம்மா கல்யாணத்திலும் அதுதான், அவர் கல்யாணத்திலும் அதுதான். நம் வீடுகளில் பாட்டியின் காசுமாலையைப் பேத்திக்குப் போட்டு உட்கார வைக்கிறோமே, அப்போது யாராவது "பழைய நகையைப் போட்டுவிட்டார்கள்" என்று சொல்கிறார்களா? பெரியம்மாவிடம் இதைக் கேட்டுப் பார்.

மாப்பிள்ளை டேனியல் ராஜ குடும்பம் கிடையாது. ஒக்கெல்போ என்று ஒரு சின்ன ஊர்க்காரர். அம்மா தபால் அலுவலகத்தில் வேலை, அப்பா உள்ளாட்சியில் வேலை. ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக்கூடம் நடத்தினார், விக்டோரியாவுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். அப்படித்தான் பழக்கம். பழகி ஏழெட்டு வருஷம் காத்திருந்து 2009 பிப்ரவரியில் நிச்சயம். நிச்சயம் முடிந்து மூன்று மாதத்தில் டேனியலுக்குச் சிறுநீரக மாற்று அறுவை, கொடுத்தது அவருடைய அப்பா. நம் ஊரில் நிச்சயத்துக்கு அப்புறம் இப்படி ஒன்று வந்திருந்தால் எத்தனை வீட்டில் கல்யாணம் நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அடுத்த வருஷம் கல்யாணம் நடந்தது, விருந்தில் டேனியல் எழுந்து பேசியதை அங்கே எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும். விக்டோரியா ஒரு மாதம் சீனாவுக்குப் போக வேண்டியிருந்ததாம், வேலை முடிந்து ராத்திரி ரொம்ப நேரம் கழித்து வந்தவர் விடிய விடிய உட்கார்ந்து எழுதியிருக்கிறார். காலையில் டேனியல் பார்த்தால் முப்பது கடிதம், தான் இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று.

இன்னொரு விஷயம், இது நம் ஊர்க்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். சுவீடனில் அப்பா பெண்ணைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஒப்படைக்கிற வழக்கம் கிடையாது. பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலிலிருந்தே சேர்ந்து நடந்து போவார்கள். விக்டோரியா அப்பாவோடு நடக்க ஆசைப்பட்டார், உடனே எதிர்ப்பு. பெண் என்ன பொருளா ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றுவதற்கு என்று கேட்டார்கள், தலைமைப் பேராயரே ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் அப்பா கொஞ்ச தூரம் வந்து டேனியல் நிற்கிற இடத்தில் விட்டார், மிச்சத்தை இருவரும் சேர்ந்து நடந்தார்கள். ஆகவே ராஜ குடும்பத்தை யாரும் கேட்க மாட்டார்கள் என்பது சரியில்லை. உன்னைக் கேட்கப்போவது நானூறு பேர், அவரைக் கேட்டது ஒரு நாடு.

அம்மாபேட்டை தறி

புடவைக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன் கண்ணு. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தறி. இப்போது நான் வெண்பட்டு வேட்டிதான் நெய்கிறேன், எங்கள் அப்பா புடவை நெய்தவர். 1993 காலத்துப் புடவை, அதுவும் சொல்லி நெய்தது என்றால், பட்டும் நல்லதாக இருக்கும், ஜரிகையும் பெரும்பாலும் வெள்ளி ஜரிகையாக இருக்கும். முந்தி ஓரத்தில் ஒரு இழை ஜரிகையைப் பிரித்துச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல். தெருவில் "பழைய பட்டுப் புடவை இருக்கா" என்று கேட்டு வருகிறவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள், புடவையை எரித்து வெள்ளியை எடுப்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும், ஒரு புடவைக்குப் பின்னால் எத்தனை நாள் உட்கார்ந்து கால் மிதித்திருப்பார்கள் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

தாங்குமா என்பது மடிப்பைப் பொறுத்தது. பட்டு நடுவில் இற்றுப்போகாது, மடித்த கோட்டில்தான் இற்றுப்போகும். முப்பது வருஷம் ஒரே மடிப்பில் இருந்திருந்தால் அந்தக் கோடு வெடித்திருக்கும். பகல் வெளிச்சத்தில், ஜன்னலுக்கு எதிரில், இரண்டு பேர் பிடித்துக்கொண்டு புடவையை முழுவதும் விரித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊசி ஊசியாக வருகிற இடமெல்லாம் பலவீனமான இடம். அப்புறம் உடலும் கரையும் சேர்கிற இடம், முந்தி சேர்கிற இடம், இரண்டையும் விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூல் நகர்ந்தால் அங்கே வேலை இருக்கிறது. இழுத்துப் பார்க்கிறேன் என்று பலமாக இழுத்துவிடாதீர்கள்.

விட்ட இடத்துக்குப் பின்னால் அதே நிறத்தில் மெல்லிய பட்டுத் துணி வைத்துக் கையால் தைக்க வேண்டும், மெஷின் கூடாது. ஒட்டுப் பசை எதுவும் கூடாது. பாலிஷ் போடுகிறேன் என்று கடையில் கொடுத்தால், பழைய புடவைக்கு என்ன போடுவார்கள் என்று தெளிவாகக் கேட்டு, ஓரத்தில் ஒரு சாண் போட்டுப் பார்த்துவிட்டு மீதிக்குச் சம்மதியுங்கள்.

மலையில் ஈரம் உண்மைதான். மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வருகிற ஊர், பீரோவுக்குள் பூஞ்சை வரத்தான் செய்யும், ஜரிகையும் கறுக்கும். வெயிலில் போடாதீர்கள். நல்ல காய்ந்த நாளாகப் பார்த்து நிழலில் ஒரு மணி நேரம் கொடியில் விரித்துப் போட்டு, பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், நாப்தலின் உருண்டை புடவையைத் தொடக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்ற வேண்டும்.

ரொம்ப முக்கியம், இப்போது பியூட்டி பார்லரில் முதல் நாளே கொசுவம் எடுத்து, தலைமுடி நேராக்குகிற சூட்டுக் கருவியால் அழுத்தி, பெட்டி மாதிரி மடித்துக் கொடுக்கிறார்கள். இந்தப் புடவைக்கு அதைச் செய்ய விடவே விடாதீர்கள். வெடிக்க இருக்கிற மடிப்பின் மேலேயே சூடு வைத்தால் மேடையில் நிற்கும்போதே விட்டுவிடும். கட்டுகிற அன்றைக்குக் கையால் கொசுவம் எடுக்கச் சொல்லுங்கள், தோளில் ஊக்கு குத்தும் இடத்தில் உள்பக்கம் ஒரு துண்டுத் துணி வைத்துத் துணியோடு சேர்த்துக் குத்தச் சொல்லுங்கள். சென்ட் புடவையின் மேல் படக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கி வந்தால் நானே பார்த்துச் சொல்கிறேன். பணம் வேண்டாம்.

வாழப்பாடி வாத்தியார் வீடு

பெரியம்மா சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது, தவறாக நினைக்க வேண்டாம். அந்த இளவரசி அலமாரியில் நூறு உடை இருக்கும், அதில் ஒன்று அம்மாவுடையது. விருப்பத்துக்குப் பழசு போடுவதும் இல்லாமைக்குப் பழசு போடுவதும் ஒன்றில்லை, நம் ஊரில் பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். என் தங்கை கல்யாணத்தில் நிஜமாகவே வசதி இல்லாமல் ஒரு புடவை குறைந்தது, அதை மாப்பிள்ளை வீட்டில் பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பெரியம்மாவுக்குப் பயம் அங்கேதான் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னாலேயே மாப்பிள்ளை வீட்டாரிடம், குறைந்தபட்சம் மாமியாரிடம், நீங்களே நேரில் சொல்லிவிடுவது நல்லது. மேடையில் பார்த்து யூகித்துக்கொள்ள விடாதீர்கள்.

குகைப் பொண்ணு

வாத்தியார் வீட்டு அண்ணா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், முக்கியமாக மாமியாரிடம் முன்னாலேயே சொல்வது. ஆனால் விக்டோரியா செய்வது ஏதோ ஒரு நாள் ஆசைக்குச் செய்வது மாதிரி எனக்குத் தெரியவில்லை. அங்கே இருந்தபோது நான் கவனித்தது, ஒரே கோட்டை, ஒரே கவுனை வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பப் போடுவார், பெல்ட்டை மாற்றி, நகையை மாற்றி. ஜூன் 6 அவர்கள் தேசிய நாள், அன்றைக்கு ராணி, இளவரசி, இளவரசியின் மகள் குட்டி எஸ்டெல் மூன்று பேரும் சுவீடன் உடையில் வருவார்கள், நீலப் பாவாடை, அதன் முன்பக்கம் இடுப்பில் கட்டுகிற மஞ்சள் ஏப்ரன், வெள்ளைச் சட்டை. 1903ல் மார்த்தா யோர்கென்சன் என்ற பெண் வடிவமைத்தது, ரொம்ப நாள் யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்தது. 1983ல் சில்வியா ராணி அதைப் போட்டுக்கொண்டு வந்த பிறகுதான் தேசிய உடை என்றே ஆனது. சில்வியா பிறந்தது ஜெர்மனியில் ஹைடல்பெர்க், அம்மா பிரேசில்காரர், சின்ன வயதில் சாவ் பாவ்லோவில் வளர்ந்தவர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் விருந்தினர்களைக் கவனிக்கிற வேலையில் இருந்தபோது சுவீடன் இளவரசரைப் பார்த்தார். வெளியூரிலிருந்து வந்த மருமகள்தான் அந்த ஊர் உடைக்கு உயிர் கொடுத்தார், இன்றைக்குப் பேத்தி அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

பேத்தி பெயரைச் சொல்ல மறந்துவிட்டேன், எஸ்டெல் சில்வியா ஈவா மேரி. சில்வியா அம்மா வழிப் பாட்டி, ஈவா அப்பா வழிப் பாட்டி, தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தார் என்று சொன்னேனே, அவர். இரண்டு பாட்டிகள் பெயரும் பக்கத்தில் பக்கத்தில்.

மிளகுக்கொடி (ஏற்காடு)

அம்மிணி, நானும் மலைதான். எனக்கு அறுபத்து இரண்டு வயது. உடையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. விக்டோரியா பெயரைப் பார்த்ததும் வேறு ஒரு விஷயம் எழுத வேண்டும் என்று தோன்றியது.

அந்தப் பெண் பிறந்தது 1977 ஜூலை 14. அப்போது சுவீடன் சட்டப்படி ஆண் வாரிசுக்குத்தான் அரசு. 1979 மே மாதம் தம்பி கார்ல் ஃபிலிப் பிறந்தான், பிறந்த உடனே பட்டத்து இளவரசன் அவன்தான். அக்காவுக்கு ஒன்றும் கிடையாது. 1980 ஜனவரி 1ல் சட்டம் மாறியது, ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைக்கு உரிமை என்று. ஏழு மாதக் குழந்தையிடமிருந்து பட்டம் அக்காவுக்கு வந்தது. ராஜாவுக்கே அதில் மனக்குறை, பிறந்த பிள்ளையிடமிருந்து எடுத்துக் கொடுப்பது சரியில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த ராஜாவின் கதையையும் பாருங்கள், அவருக்கு நான்கு அக்கா. அவர் ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது அப்பா விமான விபத்தில் போய்விட்டார். நான்கு பெண்கள் இருந்தும் வாரிசு என்று கைக்குழந்தையைத்தான் பார்த்தார்கள். அவருடைய சித்தப்பா பெர்ட்டில், லிலியன் என்ற பெண்ணை 1943ல் சந்தித்தவர், ராஜ ரத்தம் இல்லாத பெண்ணைக் கட்டினால் வாரிசு உரிமை போய்விடும், குழந்தைக்கு ஏதாவது ஆனால் நாட்டுக்கு ஆள் வேண்டும் என்று காத்திருந்து, 1976ல்தான் கல்யாணம் செய்துகொண்டார். முப்பத்து மூன்று வருஷம். ஆண் வாரிசு ஆண் வாரிசு என்று பிடித்துக்கொண்டதற்கு ஒரு குடும்பம் எவ்வளவு கொடுத்திருக்கிறது.

நம் தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25லிருந்து பூர்விகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று சட்டம், அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணம் ஆகாத பெண்களுக்கு. நாடு முழுவதற்கும் 2005ல்தான் வந்தது. என் தங்கைக்கு 1991ல் கல்யாணம். சட்டப்படி அவளுக்கு எங்கள் காபித் தோட்டத்தில் என் அளவுக்குப் பங்கு இருந்தது. கல்யாணம் முடிந்த மறு மாதமே பத்திரப்பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம். "சீர் செய்தாச்சு, நகை போட்டாச்சு, அப்புறம் என்ன" என்று பெரியவர்கள் சொன்னார்கள், நானும் பேசாமல் நின்றேன். அவளும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள், அண்ணன் வீட்டுக்கு வரப்போக இருக்க வேண்டும் என்றுதான். இன்றைக்கு வரைக்கும் அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. போன வருஷம் இரண்டு ஏக்கரை அவள் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தேன். ரொம்பத் தாமதம்தான். இப்போது என் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது என் மூத்த மகள், மிளகுக்கு விலை பேசுவது முதல் காபி காய வைப்பது வரை அவள்தான்.

உங்கள் பெரியம்மாவுக்கு நான் சொல்வது இதுதான், பெண் அம்மாவின் புடவையைக் கேட்கிறாள், கொடுங்கள். அவள் கேட்காத சொத்துப் பங்கையும் சட்டம் கொடுத்திருக்கிறதே, அதைப் பற்றியும் வீட்டில் ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். யாராவது பத்திரத்தை நீட்டினால் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் அம்மிணி.

அப்புறம் ஒன்று, பட்டம் போன அந்தத் தம்பி அக்காவிடம் பகை வைக்கவில்லை. எஸ்டெல் குழந்தைக்குத் திருமுழுக்கு நடந்தபோது ஞானப்பெற்றோரில் ஒருவராக நின்றவர் கார்ல் ஃபிலிப். நம் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துகிற மாதிரி.

ஐந்து ரோடு டீச்சர்

நான் மேல்நிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். உங்கள் கேள்வியில் நீங்கள் எழுதாத ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். அம்மாவின் புடவை என்றதும் கூடவே அம்மாவின் ரவிக்கையும் பீரோவில் இருக்கும். அதைப் போட்டுப் பார்த்திருப்பீர்கள், பத்தாமல் இருந்திருக்கும். தைக்குள் இளைத்துவிடலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எங்கள் பள்ளியில் படித்த பிள்ளைகள் கல்யாணத்துக்கு முன்னால் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தி, மயங்கி விழுந்து, மேடையில் கண்ணுக்குக் கீழே கறுப்போடு நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

1997ல் விக்டோரியாவுக்கு இருபது வயது. ஊரே பார்க்கிற அளவுக்கு மெலிந்து போனார். அவருக்குச் சாப்பாட்டுக் கோளாறு இருக்கிறது, சிகிச்சை எடுக்கிறார் என்று அரண்மனையே அறிவித்தது. படிப்பைச் சொந்த நாட்டில் தொடராமல் அமெரிக்கா போய், கேமரா இல்லாத இடத்தில் உடம்பைத் தேற்றிக்கொண்டு, யேல் பல்கலைக்கழகத்தில் படித்தார். மூடி மறைத்திருக்கலாம். மறைக்காமல் சொன்னதால்தான் என் மாதிரி டீச்சர் இன்றைக்கும் அதை எடுத்துப் பிள்ளைகளிடம் பேச முடிகிறது.

அவருக்கு எழுத்து படிப்பதிலும் சிரமம் உண்டு, டிஸ்லெக்ஸியா. அப்பாவுக்கும் தம்பிக்கும் அதே. பார்த்த முகத்தை அடையாளம் கண்டுகொள்வதும் அவருக்குக் கஷ்டம் என்று அவரே சொல்லியிருக்கிறார், ஆயிரம் பேருக்குக் கை கொடுக்கிற வேலையில் இருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய பாரம். இதையெல்லாம் வைத்துக்கொண்டுதான் நிமிர்ந்து நிற்கிறார், எனக்கு அவரிடம் பிடித்த அழகு அதுதான். என் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிற ஒரு பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "நிஜமாவா மிஸ், இளவரசிக்கா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

ரவிக்கையைப் பிரிக்க வேண்டாம், அம்மாவுடையது அம்மாவுக்கே இருக்கட்டும். கரைப் பச்சையில் புதிதாக ஒன்று உங்கள் அளவுக்குத் தைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி சாப்பிடுங்கள்.

மலைக்காத்து (ஏற்காடு)

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர், ரவிக்கை விஷயம் எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை, இரண்டு வாரமாக ராத்திரி வெறும் மோர்தான் குடித்துக்கொண்டிருந்தேன். நேற்று தோசை சாப்பிட்டேன்.

மிளகுக்கொடி ஐயா எழுதியதை அப்பாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அப்பா ஒன்றும் பேசாமல் வெளியே போய் ரொம்ப நேரம் நின்றுவிட்டு வந்தார். அத்தைக்கு 1990ல் கல்யாணம் ஆனது என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

இன்று காலை மேகம் விலகி நல்ல வெளிச்சம். நானும் அம்மாவும் ஜன்னல் பக்கம் புடவையை விரித்தோம். ஒரு முனையை அம்மா பிடித்துக்கொண்டார். நடு மடிப்பில் நான்கு விரல் நீளத்துக்கு விட்டிருக்கிறது, முந்தி சேர்கிற இடத்திலும் நூல் கொஞ்சம் நகர்கிறது, கரை நன்றாக இருக்கிறது. ஒரு இழை பிரித்துப் பார்த்தோம், உள்ளே சிவப்புதான். அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். 1993ல் தன் வரவேற்புக்குப் பாட்டியின் புடவையைக் கட்ட வேண்டும் என்று அம்மா கேட்டாராம், வீட்டில் பழசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அந்தப் புடவையை அடுத்த வருஷம் ஜரிகைக்காரரிடம் போட்டு ஒரு குக்கர் வாங்கினார்களாம். "நீ கேட்டப்ப எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல" என்றார்.

மாமியாரிடம் நானே போனில் பேசிவிட்டேன். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டு, என்ன நிறம் என்று கேட்டார், சொன்னேன். அப்போது பையனுக்குப் பச்சைக் கரை போட்ட வெண்பட்டு வேட்டி எடுத்துவிடுகிறோம் என்றார். பெரியம்மா இன்னும் பேசவில்லை, அவரிடம் காசுமாலைக் கேள்வியை இன்றைக்குக் கேட்கப்போகிறேன்.

அம்மாபேட்டை அண்ணா, இந்த ஞாயிறு நானும் அம்மாவும் முதல் பஸ்ஸில் இறங்குகிறோம். கொண்டுவரும்போது மடித்து எடுத்து வருவதா, குழல் மாதிரி சுருட்டி எடுத்து வருவதா? விட்ட இடம் வழியில் இன்னும் விட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வேட்டி எடுக்க வேண்டியதும் இருக்கிறது, அதையும் உங்கள் தறியிலேயே சொல்லலாமா?

அம்மாபேட்டை தறி

மடிக்க வேண்டாம் கண்ணு. காலண்டர் சுருட்டுகிற அட்டைக் குழல் ஒன்று, கொஞ்சம் பெரியதாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள், அதன் மேல் முதலில் பழைய வேட்டியை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். புடவையை அகலத்தில் ஒரே ஒரு மடிப்பு, அதுவும் பழைய மடிப்பின் மேல் விழாமல் ஒரு சாண் தள்ளி. நல்ல பக்கம் உள்ளே இருக்கட்டும். இறுக்காமல் சுருட்டி, மேலே இன்னொரு வேட்டி. பஸ்ஸில் மேல் தட்டில் வைக்காதீர்கள், இருபது கொண்டை ஊசி வளைவிலும் உருளும், மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வேட்டிக்குப் பச்சை எந்தப் பச்சை என்று புடவையைப் பார்த்துத்தான் சாயம் சொல்ல முடியும், அதனால் எடுத்து வாருங்கள். தைக்குள் நெய்து கொடுத்துவிடலாம். அம்மாவையும் கட்டாயம் கூட்டி வாருங்கள், 1993ல் எந்தத் தெரு, எந்த வீட்டுத் தறி என்று அவருக்கு ஞாபகம் இருந்தால் நெய்தவர் யார் என்று கேட்டுப் பார்க்கிறேன்.